வீட்டு வைஃபையின் வரவு செலவு

100 எம்பிபிஎஸ் இணைப்பு, மாதம் 699 ரூபாய். 2020 ஆகஸ்ட் கடைசியில் ஜியோ ஃபைபர் வெளியிட்ட கட்டணப் பட்டியலில் இருந்த ஒரு வரி இது. கணக்குக்கு இதையே எடுத்துக்கொள்வோம். பட்டியலில் 699 என்று இருந்தாலும், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததும் கையை விட்டுப் போவது 824 ரூபாய் 82 காசு. பன்னிரண்டு மாதத்துக்கு 9,897 ரூபாய் 84 காசு. நடுத்தரக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. இவ்வளவு கட்டியும் படுக்கையறையில் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றால், அடுத்து எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பெரிய பிளானுக்கு மாறுவது. அதே பட்டியலில் அடுத்த படி 150 எம்பிபிஎஸ், 999 ரூபாய். கூடுதல் 300 ரூபாய், வரியோடு 354. வருடத்துக்கு 4,248 ரூபாய்.

அந்த 4,248 ரூபாய் பெரும்பாலான வீடுகளில் வீண் செலவு என்பது என் கணிப்பு. பழுது தெருவில் இல்லை, வீட்டுச் சுவருக்குள் இருக்கிறது. இன்னொரு பக்கம், வீட்டு வைஃபை வலையைப் பூட்டி வைக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அதைத்தான் யாரும் செய்வதில்லை. இந்த இரண்டு கணக்கையும் எண்களை வைத்தே பார்த்துவிடுவோம். கீழே வரும் பொருள் விலைகள் சில்லறைக் கடை உத்தேசம். ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் தேவை எவ்வளவு என்று பார்க்கலாம். நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அளவு இது: 1080பி தெளிவுக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15. நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒரே நேரத்தில் ஹால் டிவியில் 4கே படம் ஓடுகிறது, இரண்டு பேர் போனில் 1080பி பார்க்கிறார்கள், ஒருவர் அலுவலக வீடியோ மீட்டிங்கில் இருக்கிறார் என்று வையுங்கள். மீட்டிங்குக்குத் தாராளமாக 4 கொடுத்தாலும் 15, 10, 4 சேர்ந்து 29. இவ்வளவு நெரிசலான மாலை நேரத்துக்கே 30 எம்பிபிஎஸ் ஈடுகொடுக்கும். 100 என்பது மூன்று மடங்கு தாராளம். டேட்டா அளவும் அப்படித்தான். 5 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 2.25 ஜிபி. நான்கு பேரும் தினம் 4 மணி நேரம் பார்த்தால் 36 ஜிபி, மாதத்துக்கு 1,080. பல பிளான்களில் இருக்கும் 3,300 ஜிபி வரம்பில் இது மூன்றில் ஒரு பங்குதான்.

ஒரே விதிவிலக்கு கேமரா. 2 எம்பிபிஎஸ் அளவில் இரவு பகலாகக் கிளவுடுக்குப் படம் அனுப்பும் ஒரு கேமரா மாதத்துக்கு 648 ஜிபி தின்றுவிடும். ஐந்து கேமரா வைத்தால் 3,240, வரம்பு முடிந்தது. கேமராவுக்குள் மெமரி கார்டு போட்டுப் பதிவு செய்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஆக, வாங்கும் வேகம் போதுமானது. அது அறைக்குள் வந்து சேருகிறதா என்பதுதான் கேள்வி.

30க்கு 40 வீடு

நம் ஊர்களில் சாதாரணமாகப் பார்க்கும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30 அடி அகலம், 40 அடி நீளம், தரைத்தளம் 1,200 சதுர அடி. வெளிச்சுவரும் முக்கியமான உள்சுவர்களும் ஒன்பது அங்குலச் செங்கல். மேலே கான்கிரீட் தளம், அதற்கு மேல் மாடி அறைகள். ஃபைபர் ஒயரை இழுத்து வருபவர் எங்கே பெட்டியை மாட்டுவார்? வாசலை ஒட்டிய மூலையில், டிவிக்குப் பக்கத்தில், ஷோகேஸ் மேல். அவருக்கு அன்று இன்னும் நான்கு வீடு இருக்கும். ஒயர் எங்கே உள்ளே நுழைகிறதோ அங்கேயே வேலையை முடித்துவிடுவார்.

30, 40 பக்கங்கள் உள்ள செவ்வகத்தின் மூலைக்கு மூலை தூரம் சரியாக 50 அடி. அதாவது 15.2 மீட்டர். பெட்டியை வீட்டின் நடுவில் வைத்தால் எந்த மூலைக்கும் 25 அடிதான். தூரம் பாதியானால் சக்தி நான்கு மடங்கு. டெசிபலில் சொன்னால் 6. இந்த அளவுகோலைத் தெரிந்துகொள்வது நல்லது: 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று, 20 குறைந்தால் நூறில் ஒன்று.

இனிக் கணக்கு. வீட்டு ரவுட்டர் அனுப்பும் சக்தி ஏறக்குறைய 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்). 5 கிகாஹெர்ட்ஸ் அலை தடையே இல்லாத வெளியில் 15.2 மீட்டர் போவதற்குள் 70 டெசிபல் இழக்கிறது. ஒன்பது அங்குலச் சுவர் ஒன்றுக்கு 12 என்று வைப்போம். மூலையிலிருந்து எதிர் மூலைப் படுக்கையறைக்கு இரண்டு சுவர் குறுக்கே வரும், அது 24. மொத்தத்தில் 20லிருந்து 94 போக மைனஸ் 74. நடுவிலிருந்தால் 64 இழப்பு, ஒரே சுவர், 12. கணக்கு மைனஸ் 56ல் நிற்கிறது. வீடியோ மீட்டிங் திக்காமல் நடக்க மைனஸ் 67க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் எல்லை. மூலையில் வைத்தால் எல்லைக்கு வெளியே. நடுவில் வைத்தால் எல்லைக்குள், அதுவும் 11 டெசிபல் மிச்சத்தோடு. இரண்டுக்கும் இடையே உள்ள 18 டெசிபல் என்பது 63 மடங்கு சக்தி. ஒரு பெட்டியை நகர்த்தியதில் கிடைத்தது இது.

எட்டு ஆன்டெனா வைத்த ரவுட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று நம்பிப் பணத்தைப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், பதில் சொல்ல வேண்டியது கையில் இருக்கும் போன். போனின் சக்தி 15 டிபிஎம் அளவில்தான் இருக்கும், சுமார் 32 மில்லிவாட். ரவுட்டரின் குரல் போனுக்குக் கேட்கும், போனின் குரல் ரவுட்டருக்குக் கேட்காது. கோடுகள் முழுதாகத் தெரிந்தும் படம் ஓடாமல் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். தூரத்தையும் சுவரையும் குறைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து பயனடையும்.

நடுவில் வைப்பது என்றால் இரும்பு பீரோவுக்குப் பின்னால், கண்ணாடி பதித்த அலமாரிக்குள், பூஜை அறை லாஃப்டில் என்று பொருளில்லை. உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும். தரையிலிருந்து ஐந்து ஆறு அடி உயரத்தில், திறந்த சுவரில் மாட்டினால் போதும். வைஃபையின் இன்னொரு பட்டையான 2.4ஐ ஒட்டி, மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. அதன் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

மாடிக்கு இந்தக் கணக்கு எடுபடாது. கான்கிரீட் தளம், அதற்குள் கம்பி வலை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு 25 டெசிபல் இழப்பு என்று வைத்தால் மாடியில் எட்டு மீட்டர் தள்ளியிருக்கும் அறைக்கு, ஒரு சுவரும் சேர்த்து, 20லிருந்து 65, 25, 12 எல்லாம் போய் மைனஸ் 82. அதில் எதுவும் ஒழுங்காக ஓடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு போய்ச் சேரும். சுவரிலும் தளத்திலும் அதற்கு இழப்பு குறைவு. ஆனால் அங்கே கூட்டம் அதிகம். 2005 ஜனவரியில் இந்தியா உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்ட அந்தப் பட்டையின் அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். 13 சேனல் என்று பட்டியலில் தெரிந்தாலும் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றே. பக்கத்து வீடுகளின் 20 வைஃபை பெயர்கள் உங்கள் போனில் தெரிகின்றன என்றால், ஒரு சேனலுக்கு ஆறு ஏழு பேர் முறை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸில் திறந்துவிட்டது 605 மெகாஹெர்ட்ஸ். ஏழு மடங்கு இடம். ஆகவே மாடியிலும் 5 கிகாஹெர்ட்ஸ் கிடைக்க வழி செய்ய வேண்டும். அதற்கு வழி ஒயர்.

ஒயருக்கு ஆகும் ரூபாய்

மாடிக்கு எக்ஸ்டெண்டர் வாங்கி மாட்டுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. 1,500 முதல் 2,000 ரூபாய். மலிவான எக்ஸ்டெண்டரில் ஒரே ரேடியோ ரவுட்டரிடமும் பேச வேண்டும், போனிடமும் பேச வேண்டும். ஒரே செய்தியைக் கேட்டு, திருப்பிச் சொல்ல இரட்டை நேரம் ஆகிறது, வேகம் பாதி. அதோடு தளத்தைத் தாண்டி வந்த பலவீனமான அலையைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

ஒயரே மேல். நெட் கடத்தும் கேட்6 ஒயர் மீட்டர் 25 ரூபாய். நடு ஹாலிலிருந்து மாடிப்படி வழியாக மேல் அறைக்கு 15 மீட்டர் போதும், 375 ரூபாய். முழுச் செலவை இப்படிக் கூட்டலாம்:

பெட்டியை நடுவுக்குக் கொண்டுவரக் கூடுதல் ஃபைபர் ஒயர்: 200
கேட்6 ஒயர், 15 மீட்டர்: 375
ஆர்ஜே45 முனை, உதிரியோடு நான்கு: 40
கேஸிங் பட்டை, கிளிப், ஆணி: 250
துளை போட்டு ஒயர் இழுக்கக் கூலி: 600
மாடிக்கு இரு பட்டை ரவுட்டர்: 1,800

மொத்தம் 3,265 ரூபாய். ஒரே முறை. பெரிய பிளானுக்கு ஆண்டுதோறும் கூடுதலாகப் போகும் 4,248ஐ விட 983 ரூபாய் குறைவு. அடுத்த ஆண்டு இது மறுபடி வராது, அது வரும். பரணில் பழைய இரு பட்டை ரவுட்டர் கிடந்தால் 1,800ம் மிச்சம், செலவு 1,465ல் முடிந்துவிடும். மேலே வைக்கும் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வீட்டுக்குள் இரண்டு தனித்தனி வலை உருவாகி டிவியும் போனும் ஒன்றை ஒன்று தேடிக்கொண்டிருக்கும்.

ஒயர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கேட்6 என்று அச்சிட்டு, உள்ளே அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசி விற்கிறார்கள். கத்தி முனையால் சுரண்டினால் செம்பு போய் வெள்ளி நிறம் தெரியும். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். வளைத்தால் ஒடியவும் செய்யும். சுவருக்குள் போகும் ஒயரில் மீட்டருக்கு ஐந்து பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பது அர்த்தமில்லாதது. எட்டுக் கம்பியும் சரியாக முனையில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் போக நான்கு கம்பி போதும், ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பி விட்டுப்போனால் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். 200 எம்பிபிஎஸ் பிளான் வாங்கிவிட்டு வேக சோதனையில் எப்போது பார்த்தாலும் 94 காட்டுகிறது என்று சொல்கிறவர்கள் வீட்டில் இந்த ஒயரையும், ரவுட்டரின் துளை 100 எம்பிபிஎஸ் துளையா என்பதையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மின்சாரச் செலவு பயப்படும்படி இல்லை. ஒரு பெட்டிக்கு 8 வாட் என்றால் வருடம் முழுவதும் அணைக்காமல் ஓடினாலும் 70 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 350 ரூபாய். நம்முடைய இரு மாத பில்லில் 12 யூனிட் அளவுக்கு ஏறும்.

மின்வெட்டுக்கு மினி யூபிஎஸ் வாங்குவோர் அட்டையில் உள்ள எம்ஏஎச் எண்ணைப் பார்த்து ஏமாறுகிறார்கள். 10,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அது 37 வாட்மணி. 12 வோல்ட்டில் கணக்கிட்டால் 3,083 எம்ஏஎச்தான். உள்ளே 2,000 எம்ஏஎச் செல் மூன்று இருந்தால் 22 வாட்மணி. மாற்று இழப்பு போகக் கைக்கு வருவது 18க்குள். 8 வாட் பெட்டிக்கு 2 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். 1,500 ரூபாய்க்கு அது நியாயமான பேரம்தான். ஏனென்றால் ஃபைபர் இணைப்பில் தெருக்கம்பத்தில் இருக்கும் பிரிப்பானுக்கு மின்சாரமே தேவையில்லை, வெறும் கண்ணாடி. வினியோகிப்பவரின் இடத்தில் கரண்ட் இருந்தால், உங்கள் தெரு முழுக்க இருட்டானாலும் நெட் வரும்.

பூட்டு

இனி இரண்டாவது பேரேடு. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. காவல்துறை ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போய் நின்ற இடம் நவி மும்பையில் ஒரு குடியிருப்பு. அங்கே குடியிருந்தவருக்கும் குண்டுக்கும் சம்பந்தமில்லை. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணை மட்டும் அவர் வீட்டுக்கு வந்தது. தொலைத்தொடர்புத் துறை 2009 பிப்ரவரியில், வைஃபையைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்று இணையச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ, முதல் கேள்வி அவரிடம்தான் வரும்.

இன்று திறந்த வைஃபை அபூர்வம். ஆனால் பூட்டின் தரம்? நம் ஊரில் மிகப் பரவலான வைஃபை பாஸ்வேர்டு வீட்டுக்காரரின் மொபைல் எண். மறக்காது, வந்தவருக்குச் சொல்ல எளிது. அதன் விலையைக் கணக்கிடுவோம்.

2004ல் வந்த டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பூட்டு முறையில் பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். போன் ரவுட்டரோடு சேரும்போது நான்கு செய்திகள் பரிமாறப்படுகின்றன. தெருவில் நிற்கும் ஒருவர் அவற்றைப் பதிவு செய்து எடுத்துக்கொண்டு போய், தன் வீட்டுக் கணினியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். ரவுட்டருக்கு இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு முயற்சிக்கும் 4,096 சுற்றுக் கணக்குப் போட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருக்கும் ஒரே தடை. 2022ல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கிராபிக்ஸ் கார்டு ஒன்று அந்தச் சுமையையும் தாங்கி விநாடிக்கு ஏறக்குறைய 25 லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும்.

இந்திய மொபைல் எண் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9ல் ஒன்று. மொத்தச் சாத்தியம் 400 கோடி. விநாடிக்கு 25 லட்சம் என்றால் 1,600 விநாடி. 26 நிமிடம் 40 விநாடியில் இந்தியாவின் எல்லா மொபைல் எண்களும் தீர்ந்துவிடும். உங்கள் எண் தெரிந்தவருக்கு ஒரே முயற்சி. எட்டு இலக்கத் தேதி என்றால், தேதியாகவே இல்லாமல் எல்லா எட்டு இலக்கங்களையும் சேர்த்தே 10 கோடி, 40 விநாடி. பிள்ளை பெயரோடு பிறந்த ஆண்டு? பத்தாயிரம் பெயர், நூறு ஆண்டு, 10 லட்சம் சேர்க்கை. அரை விநாடிகூட இல்லை.

எதேச்சையாக எடுத்த எட்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 23 மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். பன்னிரண்டாக்கினால் 1,200 ஆண்டுகள். நான்கு எழுத்து கூடியதற்கு இவ்வளவு வித்தியாசம். ஆச்சரியக்குறி, டாலர் குறி எல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்வதைவிட நீளம் கூட்டுவது மேல். நினைவில் நிற்க வேண்டுமென்றால் தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் எழுதலாம். ஆயிரம் சாதாரணச் சொற்களிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஆறு எடுத்தால், சொற்பட்டியல் திருடனுக்குத் தெரிந்திருந்தாலும், ஒரு கார்டுக்கு 12,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கொடுக்காப்புளி, அம்மிக்கல், தூண்டில், மத்தளம், வெந்தயம், பரிசல் என்பது போல; இந்த வரிசையையே போட்டுவிடாதீர்கள், இது அச்சாகிவிட்டது. அகராதியை எங்காவது திறந்து விரல் வைத்த சொல்லாக இருக்க வேண்டும். தெரிந்த பாட்டு வரியோ பழமொழியோ கூடாது, அவை ஏற்கெனவே திருடர்களின் பட்டியலில் இருக்கும்.

ரவுட்டரில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 2018ல் வந்த அந்த முறையில் பதிவு செய்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஊகத்தையும் ரவுட்டரிடம் நேராகத்தான் கேட்டாக வேண்டும். பழைய கேமரா, பிளக் போன்றவை அதை அறியாது. அவற்றுக்கு டபிள்யூபிஏ2 போதும், நீண்ட பாஸ்வேர்டோடு.

எவ்வளவு நல்ல பாஸ்வேர்டு வைத்தாலும் ஒரு பின்வாசல் உண்டு. பாஸ்வேர்டு அடிக்காமலே கருவியைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியின் எட்டு இலக்கப் பின் எண். எட்டாவது இலக்கம் சரிபார்ப்புக்கானது, மீதி ஏழு. ஒரு கோடிச் சாத்தியம் இருக்க வேண்டும். ஆனால் ரவுட்டர் முதல் நான்கு சரியா தவறா என்று தனியாகப் பதில் சொல்லிவிடுகிறது. ஆகவே 10,000, பிறகு மூன்று இலக்கத்துக்கு 1,000; மொத்தம் 11,000 முயற்சி. 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதை வெளியிட்டார். முயற்சிக்கு 3 விநாடி என்றாலும் 9 மணி 10 நிமிடத்தில் முடிந்துவிடும். பிற்பாடு வந்த ரவுட்டர்கள் சில தவறுகளுக்குப் பின் பூட்டிக்கொள்கின்றன; இருந்தாலும் அணைத்துவிடுவதே சரி.

வைஃபை பெயரை மறைத்து வைப்பதும், கருவிகளின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பட்டியலிட்டு அனுமதிப்பதும் வீண் உழைப்பு. ரவுட்டர் 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு 8,43,750 முறை, தான் இருப்பதை அறிவிக்கிறது; பெயரை நீக்கினாலும் அறிவிப்பு நிற்காது. மேக் முகவரி காற்றில் மறைக்கப்படாமலே போகிறது. கேட்டு எழுதிக்கொண்டு யாரும் அதையே போட்டுக்கொள்ளலாம்.

ரவுட்டரின் உள்ளே நுழையும் பாஸ்வேர்டு தனி; வைஃபை பாஸ்வேர்டு தனி. இரண்டும் ஒன்று என்று நினைத்து, அட்மின் என்ற பெயருக்கு அட்மின் என்ற பாஸ்வேர்டையே விட்டுவைத்திருக்கும் வீடுகள் ஏராளம். 2016ல் மிராய் என்ற நச்சு நிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அதற்குத் தேவைப்பட்டது 60க்குச் சற்று மேற்பட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டுமே. எல்லாம் தொழிற்சாலையில் போட்டுவிட்டவை. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிப் படையை, இணைய முகவரிச் சேவை தரும் டின் என்ற நிறுவனத்தின் மீது ஏவியதில் அமெரிக்காவில் ட்விட்டர் உட்படப் பல தளங்கள் முடங்கின. தங்கள் வீட்டுக் கேமரா அதில் பங்கெடுத்தது அதன் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. 2018 மே மாதம் தெரியவந்த விபிஎன்ஃபில்டர் என்ற நச்சு நிரல் 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளுக்குள் புகுந்திருந்தது. ரவுட்டரின் உள் நிரலான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதை யாரோ சொல்லும் சடங்காக நினைக்க வேண்டாம். இந்த 5 லட்சத்தில் பலவும் ஓட்டை அடைக்கப்படாமல் கிடந்த பழைய பெட்டிகள்.

மாடிப் போர்ஷனில் குடித்தனம் வைத்திருப்பவர்கள் பில்லைப் பாதிப் பாதி பகிர்ந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. மாதம் 412 ரூபாய் மிச்சம் என்பது இருவருக்கும் இனிக்கிறது. ஆனால் கீழ் வீட்டுக் கணினி, பிரிண்டர், கேமரா எல்லாம் மேல் வீட்டார் போனுக்கும் அவர்களுடைய விருந்தினர் போனுக்கும் ஒரே வலையில் திறந்து கிடக்கும். பேரும் உங்கள் பேர். தனி இணைப்பு வாங்கிக்கொள்ளச் சொல்வது நல்லது. 30 எம்பிபிஎஸ் போதும் என்று மேலே பார்த்தோம். அதே 2020 பட்டியலில் அது 399, வரியோடு 470 ரூபாய் 82 காசு. பகிர்வதற்கும் தனியாக வாங்குவதற்கும் வித்தியாசம் 60 ரூபாய்க்குள். விருந்தினருக்கும் டிவி, கேமரா, ஸ்மார்ட் பிளக் வகையறாவுக்கும் ரவுட்டரிலேயே கெஸ்ட் வலை திறந்து வையுங்கள். ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பிரிக்கும் ஐசோலேஷன் விருப்பத்தையும் சேர்த்து இயக்குங்கள்.

இவ்வளவுக்கும் நேரம் எவ்வளவு? அட்மின் பாஸ்வேர்டு மாற்ற 5 நிமிடம். டபிள்யூபிஎஸ் அணைக்க 2. ஃபர்ம்வேர் புதுப்பிக்க 10. கருவிகள் கேட்காமலே வெளியுலகுக்கு வழி திறந்துகொள்ள விடும் யூபிஎன்பி அணைக்க 2. வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் அணைக்க 2. கெஸ்ட் வலை 5. புது வைஃபை பாஸ்வேர்டு போட்டு வீட்டிலுள்ள பத்துக் கருவிகளிலும் மறுபடி பதிய, கருவிக்கு 2 நிமிடம் வீதம், 20. மொத்தம் 46 நிமிடம். செலவு சுழியம் ரூபாய்.

பிறர் வலைக்குள் அனுமதியின்றி, நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கக்கூடிய குற்றம். ஆனால் அந்தச் சட்டம் உங்கள் பூட்டைப் போட்டுத் தராது. இணைய மோசடியில் பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். ஃபைபர் ஒயர் இழுக்க ஆள் வரும் நாளில், ஷோகேஸ் மேல் பெட்டி ஏறும் முன்பே, நடு ஹாலைக் காட்டுங்கள். 46 நிமிடக் கணக்கை இந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முடித்துவிடுங்கள். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கும் அதைச் செய்து கொடுங்கள்.